குடைக்கடைக்கு நேர் பின்னால்

பாளையங்கோட்டைக் குடைக்கடை பிரதட்சிணமாகத்தான் திரும்பியது என்று நம் ஊரில் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை நம்புகிறார்கள். இது பிழை. சாதாரணப் பிழையல்ல, கண்டிக்கப்பட வேண்டிய பிழை. கிழக்கு பார்த்து நின்ற கட்டடம் முதலில் வடக்கையும், பிறகு மேற்கையும், அதற்குப் பிறகே தெற்கையும் பார்த்தது; கோயிலை எவரும் அப்படிச் சுற்றுவதில்லை, சுற்றினால் குருக்கள் திட்டுவார். ஆகவே அது அப்பிரதட்சிணம். கட்டடம் இடதுபுறம் திரும்பியதால் அது தங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டது என்று சொல்லித் திரிந்த தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: கட்டடத்தின் இடதும், அதைப் பார்த்து நிற்கிறவரின் இடதும் ஒன்றல்ல. இவ்வளவும் தெளிவான பிறகு மேலே போவதுதான் முறை.

கடையின் உண்மையான பெயர் கீழ்வானம் புத்தகசாலை. பைபிளும் பாட்டுப் புத்தகமும் விற்றுச் சேர்த்ததையெல்லாம் கொட்டி, அகமதாபாத்தில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் கட்டடக் கலைஞரை நம்பி, வேதமாணிக்கம் என்பவர் கட்டியது. நான்கு தெருக்கள் கூடும் முக்கில் ஒரே ஒரு பருத்த தூண், அதன் தலையில் வட்டமாக இரண்டு மாடி, தூணுக்குள்ளேயே சுருண்டு ஏறும் படி, கிழக்கே முழுவதும் கண்ணாடியாலான முகப்பு, மற்றப் பக்கமெல்லாம் சன்னல்கூட இல்லாத வெறும் காங்கிரீட். அதில், வார்ப்புக்கு அடித்த சென்ட்ரிங் பலகைகளின் வரிகள் அப்படியே தெரியும். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் "பூச்சு வேலை எப்ப முடியும்?" என்று கேட்டார்கள். அடுத்த தலைமுறையும் கேட்டது. பூச்சு இல்லாததுதான் இதன் அழகு என்று கலைஞர் சொல்லிக்கொடுத்ததை வேதமாணிக்கம் மனப்பாடமாக ஒப்பிப்பார், ஒப்பித்துவிட்டுச் சுவரை ஒரு தரம் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்வார். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கிய ஊர் அதற்குக் குடைக்கடை என்று பெயர் வைத்தது. ஐப்பசி மாதத்தில் வெளியூர்க்காரர்கள் சிலர் படியேறி வந்து மூன்று மடிப்புக் குடை இருக்கிறதா என்று விசாரிப்பதும் உண்டு.

அந்தக் குடையின் கீழேதான் நம் ஊர் இலக்கியம் வளர்ந்தது, சண்டை போட்டது, பிரிந்தது, மறுபடி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தது. மாதந்தோறும் கூட்டம், முகப்பின் சிறு பால்கனியில் மைக், கீழே தெருவில் நாற்காலிகள். இலக்கியம் வேண்டாதவர்களுக்கும் அந்தக் கட்டடம் வேண்டியிருந்தது. ஏனென்றால் கிழக்குத் தெருவில் எந்தக் கடைப் பலகையை எடுத்தாலும் அதில் "குடைக்கடை எதிரில்" என்றும், வடக்கிலும் தெற்கிலும் "குடைக்கடை அருகில்" என்றும் எழுதியிருந்தது, கல்யாணப் பத்திரிகையிலும் எழுதியிருந்தது, சங்கரபாண்டி ஆப்டிகல்ஸ் என்ற மூக்குக்கண்ணாடிக் கடையில் கடைப்பெயரைவிடப் பெரிதாக எழுதியிருந்தது. "குடைக்கடை பின்புறம்" என்று எழுதியிருந்த பலகை ஊரில் ஒன்றே ஒன்று. அது தேவஇரக்கத்தின் கைடு கடை.

தேவஇரக்கம் வேதமாணிக்கத்தின் மகன். அப்பா போன பிறகு புத்தகசாலை அவருக்கும் அக்கா ஜெபக்கனிக்கும் பொதுவாக இருந்தது. ஜெபக்கனிக்குக் கவிதை நூல்கள் உயிர். தேவஇரக்கத்துக்கு, அரசாங்க வேலைத் தேர்வுக்கான கைடுகளை விற்றால் அந்தக் கவிதை நூல்களுக்கு வாடகை கட்டலாம் என்று ஓர் எண்ணம். ஒரு நாள் அக்கா வேதக்கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி முகப்பில் இருந்த கவிதைகளை எடுத்துவிட்டு, குரூப் நான்கு கைடுகளைக் கோபுரம்போல் அடுக்கிவைத்தார். அன்றைக்கு மாலை கூட்டம். வரவேற்புரைக்காகப் பால்கனிக்கு வந்த ஜெபக்கனி, குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். கையில் மைக் இருந்தது, அது வேலையும் செய்தது.

"ஏல தேவஇரக்கம்! அப்பா வச்ச கண்ணாடிக்குள்ள கைடையா அடுக்குத? இனிமே இந்த முகப்பு மேல உன் கண்ணு படப்படாது, சொல்லிட்டேன்!"

நான்கு தெருவும் கேட்டது. மீன்கடையில் தராசைப் பிடித்திருந்தவர்கூட அப்படியே நிறுத்தினார்.

"படாதுக்கா" என்றார் தேவஇரக்கம், தலையைக் குனிந்துகொண்டு. அப்போதிருந்தே அவர் தலையை நிமிர்த்தவில்லை. கட்டடத்துக்குப் பின்னால், மேற்குத் தெருவில் இருந்த குடும்ப வீட்டுக்குக் குடியேறி, அதன் முன்னறையில் கைடு கடை போட்டார். பஜாருக்குப் போவதென்றால் சந்து வழியாக ஊரைச் சுற்றிப் போனார். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம்கூடச் சாக்கடைச் சந்து வழியாகத்தான் வந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் ஒற்றை வரிசையில் நடந்தபடி வாசித்தார்கள். கோபமாக இருந்திருந்தால் என்றோ தீர்ந்திருக்கும். இது கோபமல்ல, ஒப்புக்கொண்ட வேலை. அந்தக் குடும்பத்தில் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்து முடித்துவிடுவார்கள்.

இப்படி இருபது வருடத்துக்கு மேல் கழிந்த ஒரு மாசி மாதக் காலையில் கட்டடம் திரும்பத் தொடங்கியது.

முதலில் கவனித்தவர் சங்கரபாண்டி. கண்ணாடி முகப்பில் பட்டுத் திரும்பும் காலை வெயில் அவர் கடைக்குள் வந்து, அடுக்கிவைத்த சட்டங்களையெல்லாம் மினுக்குவது வழக்கம். அன்று அந்த வெயில் பக்கத்து இட்லிக்கடைக்குள் விழுந்து, சாம்பார் வாளியை மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா ஜெபக்கனி, கடையைக் கொஞ்சம் வடக்க திருப்பி வச்சிருக்கிய?"

"நான் எங்க வச்சேன்? அதாத் திரும்பிருக்கு."

"சரி சரி. சொல்லிட்டுத் திரும்பியிருந்தா நானும் ரெண்டு சட்டத்தை மாத்தி வச்சிருப்பேன்."

ஊரின் ஆச்சரியம் இவ்வளவோடு முடிந்தது. பொறியியல் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து தூணைத் தட்டிப் பார்த்து, விரிசல் ஏதுமில்லை, ஆகவே திரும்பவில்லை என்று சொல்லிவிட்டு, வந்த பக்கம் வண்டியைக் காணாமல் தேடி எடுத்துக்கொண்டு போனார். மின்கம்பி கட்டடத்தைச் சுற்றிக்கொண்டால் வந்து பிரித்துவிட ஒரு லைன்மேன் அமர்த்தப்பட்டார். ஆட்டோக்காரர்கள் காலையில் முதல் வேலையாக "இன்னைக்கு எங்கன பாக்குவே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கடைக்காரர்கள் பெயின்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், ஒரு பக்கம் எதிரில், மறு பக்கம் பின்புறம் என்று எழுதிய தகரப் பலகையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டார்கள். வாஸ்து பார்க்கிறவர்கள் தெருக்குத்து போலவே கண்ணாடிக்குத்து என்று ஒரு தோஷத்தைக் கண்டுபிடித்தார்கள். முகப்பு வந்து நேராக நின்ற வீடுகளில் பூசணிக்காய் தொங்கியது, போன பிறகு குழம்பில் கிடந்தது. இலக்கியவாதிகளும் பழகிக்கொண்டார்கள். நாற்காலிகளைக் கூட்டத்துக்குக் கூட்டம் நகர்த்திப் போட்டார்கள். ஒரு நாவல் வெளியீட்டில் இட்லிக்கடையைப் பார்த்துத் தலைமையுரையைத் தொடங்கியவர், முடிக்கும்போது மீன்கடையைப் பார்த்து நின்றார். கட்டடம் வேகமாகத் திரும்பியது என்று இதற்குப் பொருளல்ல.

ஆனாலும் ஊருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. டீ கிளாசில் ஆடை சுழன்றது. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் எதற்கு எழுந்தோம் என்று மறந்தார்கள், நின்றபடியே புத்தகம் படிக்கிறவர்கள் ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மூடிவைத்தார்கள், நாய்கள் படுப்பதற்குமுன் சுற்றும் சுற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தன. அந்தத் தவிப்பு யாரைப் பற்றியது என்று வடக்குத் திசை முழுவதாக வந்தபோதுதான் தெரிந்தது.

தேவஇரக்கம் அன்று மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனவர், கைப்பிடிச் சுவரில் ஒரு கீற்றுக் கண்ணாடி வெளிச்சம் கிடப்பதைக் கண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் கீழே இறங்கினார்.

"தங்கபுஷ்பம், சாமானைக் கட்டு."

அவர் மனைவி தங்கபுஷ்பம் அரிசி களைந்துகொண்டிருந்தார். "எங்க?"

"முகப்பு இங்கன வருது. நாம தெக்க போயிருவோம். அங்கன இருந்தா பின்புறம்தான்."

"நீங்கதான படாதுன்னு சொன்னிய. நான் ஒண்ணும் சொல்லலையே. நான் இங்கனதான் இருப்பேன். வந்தா வரட்டும், நல்லா உக்காந்து பாக்கேன்."

ஆகவே அவர் தனியாகப் போனார். கைடு கட்டுகளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, தெற்குத் தெருவில் சைக்கிள் ஸ்டாண்டின் ஒரு மூலையில் கடை போட்டார், "பின்புறம்" பலகையையும் மாட்டினார். அவர் கடையை ஒழுங்குபடுத்தி மூச்சு விட்டு உட்காரும்வரை கட்டடம் அசையாமல் இருந்தது. உட்கார்ந்ததும் திரும்பத் தொடங்கியது. முகப்பு மேற்கே போனபோது தேவஇரக்கம் கிழக்கே வந்தார், அதாவது சங்கரபாண்டியின் கடைக்கு. சங்கரபாண்டிக்கும் அப்போது "பின்புறம்" பலகைதான், ஆகவே பாதிக் கடை காலியாக இருந்தது.

"வாரும்வே, வாரும். ஊர்ல பாதிப் பேருக்கு என் கண்ணாடி இல்லாம கட்டடம் தெரியாது. உமக்கு மட்டும் கட்டடம் தெரியாம இருக்க என்கிட்ட ஒண்ணும் இல்லையே."

"கேலி பண்ணாதேயும் அண்ணாச்சி. ஒரு ஓரம் குடுத்தாப் போதும்."

"ஓரம் எதுக்கு, நடுவுலயே போடும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடப்படாது. அது உம்மைத் தேடுதுவே."

"அக்காவா?"

"அக்காவைச் சொல்லலை."

தேவஇரக்கம் கைடுகளைப் பாடவாரியாக அடுக்கினார். அடுக்கி முடித்து உட்கார்ந்ததும், முதுகுக்குப் பின்னால், தெருவின் நிழல் ஒரு விரற்கடை நகர்ந்தது.

அதன் பிறகு முகப்பு தெற்கே, கிழக்கே, மறுபடி வடக்கே. ஒரு தெருவைக் கடக்க ஒரு பருவமே எடுத்துக்கொண்ட கட்டடம், பிறகு ஒரு மாதம், பிறகு ஒரு வாரம் என்று வேகம் பிடித்தது, ஒரு தடவை வந்த வழியே பாதி திரும்பிக்கூட வந்தது, அவர் ஓட ஓட அதுவும் திரும்பியது, அது திரும்பத் திரும்ப அவரும் ஓடினார், மூன்று சக்கர வண்டியின் அச்சு தேய்ந்தது, அவர் செருப்பு தேய்ந்தது, அவரும் தேய்ந்தார். தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் சிரமமில்லை: முகப்பு எங்கே என்று பார்த்து, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நடந்தால் கைடு கடை இருக்கும். தாமதமாகத்தான் ஊர் கவனித்தது, அவர் கால்கள் வீங்கியிருப்பதை. வைத்தியர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, இன்னும் ஒரு சுற்றுக்கு இது தாங்காது என்றார். தேவஇரக்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு, வண்டி வாடகைக்காரரை வரச் சொன்னார்.

தங்கபுஷ்பம் அன்று படியேறிப் புத்தகசாலைக்குப் போனார். இருபது வருடத்தில் முதல் தடவை. ஜெபக்கனி மேசையில் உட்கார்ந்து ஒரு நூலுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"மதினி, அவரு செத்துருவாரு."

ஜெபக்கனியின் கை நின்றது. "அவன் அங்க தெக்க இருக்கானா?"

"கிழக்க. நாளைக்கு வடக்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொன்னதை எடுத்துக்கிடுங்க."

"எடுத்துக்கிடுதது பெரிய காரியமா? மைக்கைப் பிடிச்சு, போயிட்டுப் போவுதுன்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாவும்?" ஜெபக்கனி அட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "ராத்திரி தூக்கமில்லாம நான் அதைத்தான் சொல்லிப் பாக்கேன். ஆனா யோசிச்சுப் பாரு. இவ்வளவு வருசமா அவன் சந்து சந்தா நடந்தான். பிள்ளை கல்யாணத்தைச் சாக்கடை ஓரத்துல நடத்துனான். இப்ப நான் போய், சும்மா கோவத்துல சொன்னேன்ல, நீ ஏம்ல கேட்டேன்னா, அவன் நடந்ததெல்லாம் எதுக்கு? ஊரு சிரிக்கும். அவனைக் கோட்டிக்காரன் ஆக்கிருவேன். நான் திட்டுனது போதும், இது வேண்டாம்."

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போய் நின்றார். வெளியே தெரு தெரிந்தது, டீக்கடை தெரிந்தது, ஒரு பெண் கோலமாவுக்குப் பேரம் பேசுவது தெரிந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வீட்டு வாசலில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்த முகப்பு. இப்போது அதன் நடுவிலேயே நிற்கிறார்.

"மதினி" என்றார். "இங்கன இருந்து பாத்தா முகப்பு தெரியலையே."

ஜெபக்கனி நிமிர்ந்தார்.

அன்று மாலை ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு விமர்சனக் கூட்டம். நன்றியுரை சொல்ல வேண்டியவர் எழுந்திருக்கும்போது, ஜெபக்கனி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். நான்கு தெருவும் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தது.

"கடைக்கு உள்ள இருக்கவங்களுக்குக் கடையோட முகப்பு தெரியாது" என்றார். "இது அறிவிப்பு இல்லை. மன்னிப்பு இல்லை. ஒரு தகவல். அவ்வளவுதான்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விமர்சகர்கள் சிலர் இதைத் தொகுப்பைப் பற்றிய கருத்து என்று எடுத்துக்கொண்டு குறித்துக்கொண்டார்கள். கட்டடத்துக்குப் பின்னால், ஏற்றி முடித்த வண்டியின் பக்கத்தில் நின்ற தேவஇரக்கம், அந்தத் தகவலை நின்றபடியே யோசித்தார். வண்டிக்காரர் "போவமா?" என்றார். "இரும்" என்றார் அவர். மறுநாள் காலையிலும் யோசித்தார். அதில் ஓட்டை ஏதும் இல்லை.

புறப்பட்டார். பின்பக்கச் சுவரிலிருந்து தூண்வரை பத்துப் பன்னிரண்டு எட்டுதான் இருக்கும். அவர் முதல் எட்டு வைத்ததும் கட்டடம் பெரிதாக ஒரு முனகல் முனகிவிட்டு, இதுவரை யாரும் பார்த்திராத வேகத்தில் திரும்பத் தொடங்கியது, நாற்காலிகள் சாய்ந்தன, அலமாரிகளில் புத்தகங்கள் ஒன்றையொன்று தள்ளின, கண்ணாடி முகப்பு மேற்கிலிருந்து வெயிலை அள்ளிக்கொண்டு அவரை நோக்கி ஓடி வந்தது, மீன்கடையில் ஒரு கூடை கவிழ்ந்தது, ஊரே "கண்ணை மூடும்! கண்ணை மூடும்!" என்று கத்தியது, அவர் கண்ணை மூடிக்கொண்டு நடுத்தெருவில் திக்குத் தெரியாமல் நின்றுவிட்டார். சங்கரபாண்டி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"தொறக்காதேயும்வே. என்னைப் பிடிச்சுக்கிடும். இங்கன ஒரு பள்ளம். ம், தாண்டும். இப்ப நிழலு. தெரியுதா?"

"தெரியுது. குளுந்துருக்கு."

"அப்ப அடியில வந்துட்டோம். இந்தா, தூணு. தொட்டுப் பாரும்."

தேவஇரக்கம் தொட்டார். அப்பா காலத்துப் பலகை வரிகள் உள்ளங்கையில் ஓடின. கண்ணைத் திறக்காமலேயே படியைக் கண்டுபிடித்து, சுருண்டு சுருண்டு ஏறினார். மேலே போய்க் கண்ணைத் திறந்தபோது அக்கா எதிரே நின்றார். முடி முழுவதும் நரைத்திருந்தது. அதை அவர் அறிந்திருக்கவில்லை. அவர் கால்வீக்கத்தை அக்காவும் அறிந்திருக்கவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் அந்தச் செய்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முகப்புல வைக்க மாட்டேன்" என்றார் ஜெபக்கனி.

"வேண்டாம்க்கா."

"மாடியில, கவிதைக்குப் பின்னால எடம் ஒழிச்சிருக்கேன்."

"பின்னாலதான?"

"பின்னாலதான்."

"அப்ப சரி" என்று தேவஇரக்கம் உட்கார்ந்தார்.

கட்டடம் நின்றது. நின்ற இடம் நியாயமாகக் கிழக்காகவோ, குறைந்தபட்சம் ஏதாவது ஒரு தெருவாகவோ இருந்திருக்கலாம். இல்லை, வடமேற்கு மூலையில் ஒரு டிரான்ஸ்பார்மரைப் பார்த்து நின்றது, இன்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தினமும் மாலையில் சங்கரபாண்டி வந்து, தேவஇரக்கத்தைக் கண்ணை மூடச் சொல்லிக் கைப்பிடித்து இறக்கி, சந்து முனைவரை கொண்டுபோய் விடுகிறார்.

கைடு வாங்க வருகிற பிள்ளைகள் கவிதை அடுக்குகள் அத்தனையையும் தாண்டித்தான் போக வேண்டும். பாதை குறுகல்; முன்னால் நிற்கிறவர் வாங்கி முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டும்; சும்மா நிற்க முடியாமல் எதையாவது எடுத்துப் புரட்டுவார்கள். அந்த வருடம் நம் ஊரிலிருந்து தேர்வாகி, விளாத்திகுளம் பக்கம் கிராம நிர்வாக அலுவலராகப் போன ஒருவர், ஒரு கரிசல் நிலத்தின் அடங்கல் பதிவேட்டில், தரிசு என்று எழுத வேண்டிய இடத்தில், "இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது" என்று எழுதினார். வருவாய் ஆய்வாளர் நேரில் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து, கீழே கையெழுத்துப் போட்டார்.